வெள்ளைக்கு அடியில் சில்வர்

ஐம்பத்திரண்டு வயதில், அக்கா பேரனுக்கு என்று கடைக்காரரிடம் பொய் சொல்லி ஒரு பொம்மை லாரிப் பெட்டி வாங்கினேன். துண்டு துண்டாக இருக்கும்; நாமே ஒட்டிப் பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அக்காவே கிடையாது. ‘எட்டு வயதுக்கு மேல்’ என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்தத் தகுதி மட்டும் தாராளமாக இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக். மேலே வெள்ளை அடித்து வைத்தேன். காலையில் ரோஸ் நிறத்தில் நின்றது.

"லாரிக்கு வெக்கம் வந்திருச்சாட்ட இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒன்பது வயதிலும் இதே வெட்கத்தைப் பார்த்தவள் நான். புத்தி வரவில்லை.

அப்போது அப்பா அசாம் லைனில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் கிளம்பினால் திரும்ப ஒரு மாதம். ஒரு நடை கல்கத்தாவிலிருந்து இப்படியொரு சிவப்பு லாரி வாங்கிவந்து, என்னோடு உட்கார்ந்து ஒட்டினார். எங்கள் வண்டியோ வெள்ளை. "அடுத்த நடை நான் வாரதுக்குள்ள நம்ம வண்டியாட்டப் பண்ணி வெய்யி சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து நானாக ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன்: பொம்மை வெள்ளையானால்தான் அப்பா வருவார்.

அம்மாவின் தம்பி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். அந்த மாமா கொடுத்த மிச்ச வெள்ளையை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் அடியிலிருந்த சிவப்பு ஊறி மேலே வந்துவிட்டது. அம்மா குங்குமத்தைக் கலந்துவிட்டதாகக் குற்றம் சாட்டிச் சோறு தின்ன மறுத்தேன். வரவேண்டிய நாள் தாண்டியும் அப்பா வரவில்லை. காரணம் எனக்குத் தெரிந்ததுதானே.

மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத ஓட்டிட்டுப் போனா செக்போஸ்ட்ல பூ வெச்சு உடுவாங்க. செவப்பு மேல வெள்ளை நிக்காது சாமி. நடுவால சில்வர் அடிச்சு அடைக்கோணும்." அடித்தும் கொடுத்தார்.

"எப்பக் காயும் மாமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "எட்டு நாளாகும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். "ஆமா, எட்டு நாளு" என்றார்.

அதுவரை தினமும் "அப்பா எப்ப வருவாங்க?" என்று அரித்தவள், "காஞ்சிருச்சா?" என்று கேட்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு விடை தெரிந்த கேள்வி அது.

ஒன்பதாம் நாள் வெள்ளை அடித்தேன். வெள்ளையாகவே நின்றது. இரண்டு நாளில் அப்பா வந்தார், தாடியும் ஒட்டிய கன்னமுமாக. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்ம வண்டியேதான்" என்றார். என் சட்டம் பலித்துவிட்டது. வடக்கே வெள்ளத்தில் பாலம் போனதும், அவர் வர இன்னும் பத்து நாளாகும் என்று, மாமா சில்வர் அடித்த அன்று காலையே மளிகைக்கடை போனுக்குச் சேதி வந்திருந்ததும், நான் பெரியவளான பிறகு தெரிந்தவை.

அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. போன வாரம் சில்வர் வாங்கினேன். காய ஒரு நாள் போதும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. அம்மா சொன்னதோ எட்டு நாள். கண்ணைத் துடைத்தபோது, பெயிண்ட் நெடி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த எட்டு நாளு... நான் ஏங்கிப் போயிருவேன்னுதானே அப்படிச் சொன்னீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. காயறதுக்குள்ள தொட்டுத் தொட்டுப் பாத்து, செவுரு, பாவாடை எல்லாம் சில்வராக்கி வெப்பே. அதுக்குத்தான் சொன்னேன்."