மேப்பிளுக்குக் கழித்த நாவூறு

மச்சாள், என்னுடைய மேப்பிள் மரத்தைக் கருக்கியது நீங்கள்தான். வெயில் இல்லை, என்னுடைய கையும் இல்லை. நீங்கள்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மச்சாள் என் கணவரின் அக்கா. கணவர் செத்த பிறகு நான் நோர்பரியில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். பல்கனி கிடையாது. மச்சாளின் வீடு இரண்டு தெரு தள்ளி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. முன்பக்கம் குப்பை வாளிகள் நிற்கிற துண்டு நிலத்தில் என் மரத்தைத் தொட்டியோடு வைக்க இடம் தந்தார். அதற்கு நன்றி. மிச்சத்துக்கு நன்றி இல்லை.

அது ஜப்பான் மேப்பிள், தேஷோஜோ என்ற வகை. கணவர் போன அடுத்த ஏப்ரலில் தோட்டக் கடை ஒன்றில் கண்டேன். நான் பொட்டு வைக்கலாமா, என்ன நிறத்தில் உடுக்கலாம் என்று ஆளாளுக்கு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தச் சிவப்பைக் கண்டதும் யாரிடமும் கேட்காமல் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

தேஷோஜோ ஏப்ரலில் ரத்தச் சிவப்பாகத் துளிர்க்கும். கோடையில் பச்சையாகிவிடும். ஒக்டோபரில் திரும்பவும் சிவந்து, பிறகு கொட்டும். அது நோய் இல்லை, அதன் குணம். முதல் வருடமே நீங்கள் கேட்டீர்கள்.

"இதென்ன, சாயம் போற சீலை மாதிரி வெளிறுது?"

"அது அப்பிடித்தான் மச்சாள். பிறகு சிவக்கும்."

"கடைக்காரன் உம்மை நல்லா ஏமாத்திப்போட்டான்."

இருவரும் சிரித்தோம். ஒக்டோபரில் சிவந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். ஆனால் நான் சொன்னதை நீங்கள் ஒருநாளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கோடையில் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு டொரோண்டோ போனேன். போகுமுன் வாசலில் நின்று சொன்னேன்: "ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி ஊத்துங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"நீர் யோசியாமல் போயிட்டு வாரும். எனக்கு மரம் பாக்கத் தெரியாதே?"

செப்டம்பரில் வந்து பார்த்தேன். இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தது. உச்சிக் கிளைகள் வெறும் குச்சி. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. "இந்த வருஷம் சரியான வெயில்" என்றீர்கள். நம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் சாப்பாடு. நான் அப்பளக் கூடையோடு உங்கள் பின்னால் நின்றது உங்களுக்குத் தெரியாது. ஒரு மேசைப் பெண்களுக்குக் கேட்கச் சொன்னீர்கள்: "அவவுக்குக் கைராசி இல்லை. என்ரை தம்பியும் போனான், மரமும் போச்சு. அவ தொட்டது எது தங்கினது?"

ஒருத்தி உச்சுக் கொட்டினாள். நான் அப்பளம் பரிமாறி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த மேசையில் இருந்த ஓர் இளம் பெண், தன் கறிவேப்பிலைக் கன்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தாள். மறுநாள் போன் எடுத்து, "அன்ரி, நாங்களே மாத்திப்போட்டம்" என்றாள். அதற்கடுத்த வாரமும் அது அவள் யன்னலில் பழைய பிளாஸ்டிக் தொட்டியிலேயே நின்றது. ரோட்டில் போகும்போது என் கண்ணால் பார்த்தேன்.

மரத்தை எடுத்துப்போக உங்கள் வாசலுக்கு வந்தேன். மண் மாற்றலாம் என்று தொட்டியைச் சரித்தால், உள்ளே இருந்து செத்தல் மிளகாய் வந்தது. ஊறி, கறுத்து, முழுசு முழுசாக. கரையாத உப்புக்கல்லும் கிடந்தது.

"இதென்ன மச்சாள்?"

"நாவூறு கழிச்சனான். வெள்ளிக்கு வெள்ளி. பஸ்ஸுக்கு நிக்கிற சனம் முழுக்க வாயைப் பிளந்து பாத்துது, படம் எடுத்துது. பிறகு பச்சையாப் போச்சு. கண் பட்டிட்டுது எண்டு நினைச்சன்."

"கழிச்சதை நெருப்பிலை எல்லோ போடுறது?"

"வீட்டுக்குள்ளை ஏலுமே? அலாரம் கத்தும். முந்தி ஒருக்கா பயர் எஞ்சினே வந்திட்டுது."

"அதுக்கு வேரிலையோ கொட்டுறது?"

"கொட்டித் தண்ணியும் ஊத்தினனான். நல்லதுக்குத்தானே செய்தது. விடும்."

நல்லதுக்குச் செய்தீர்கள். சரி, அதை விடுகிறேன். மரத்துக்கு உப்பு ஆகாது என்று உங்களுக்குத் தெரியாது, அதையும் விடுகிறேன். ஆனால் வெள்ளிக்கு வெள்ளி அந்தத் தொட்டிக்குள் உப்பைக் கொட்டிவிட்டு, மண்டபத்தில் என் கையைக் குற்றம் சொன்னீர்களே, அதை எப்படி விடுவது? தம்பியின் சாவையும் அதோடு சேர்த்துக் கட்டினீர்கள். அவர் மாரடைப்பில் போனார். நீங்களும் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்றீர்கள்.

"மண்டபத்திலை சொன்னதை மண்டபத்திலையே திருத்துங்கோ" என்று கேட்டேன்.

"சனம் அதையெல்லாம் மறந்திடும்" என்றீர்கள்.

மறக்கவில்லை. நவராத்திரிக்குக் கோயிலில் விளக்கு ஏற்றியவர்கள் என் கைக்கு மட்டும் தீப்பெட்டியைத் தரவில்லை.

மரம் இப்போது, கேட்டு வாங்கிய அனுமதியோடு, எங்கள் கட்டிட வாசலில் நிற்கிறது. பழைய மண்ணைக் கழுவிக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டேன். இந்த ஒக்டோபரில் அது சிவக்கவில்லை. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன்: அடிமரத்தில் பச்சை, உச்சிக் கிளைகளில் காய்ந்த மண்ணிறம். ஏப்ரலில்தான் தெரியும். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்.

ஏப்ரல் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. மரம் துளிர்த்தால் உங்கள் நாவூறு பலித்தது என்பீர்கள், பட்டுப்போனால் என் கை என்பீர்கள். ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட இருக்கும்போது, அதே மேசைக்கு முன்னால் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள், மச்சாள். என்னுடைய தொட்டிக்குள் என்ன கொட்டினீர்கள்? யாருடைய கையால் கொட்டினீர்கள்?