கொன்றவள் சாப்பிட வேண்டிய சோறு

சூர்யகலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தினமும் காலையில் போடியிலிருந்து ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறாள். வாய் கொஞ்சம் நீளம். அதே ஜீப்பில் போகும் எனக்கே அவள் பக்கத்தில் உட்காரப் பயம்.

நாலு வருடத்துக்கு முன் அவள் புருஷன் சின்ராசு ஜீப்பு கவிழ்ந்து செத்தான். ஓட்டியவன் காசிமாயன். எட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேரை அடைத்திருந்தான். கோர்ட்டில் சொன்னது வேறு. முன்சீட்டில் இருந்த சின்ராசு குடித்துவிட்டு ஸ்டீயரிங்கை இழுத்தான் என்றான். பின்னால் நெருக்கியடித்து இருந்தவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியாது. காசிமாயன் தப்பித்துவிட்டான். சின்ராசு டீயைத் தவிர வேறெதுவும் குடித்தறியாதவன். ஜீப்பு ஸ்டாண்டில் இன்றைக்கும் அவன் மகளுக்குப் பெயர் குடிகாரன் மகள். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்ல மாட்டான் என்ற தைரியம்! நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெருக் கோயில் பொங்கலுக்கு வருடாவருடம் ஒரே நாடகம்தான். தன் புருஷனைக் கொன்ற தளபதியை ராணி வெட்டுவாள். கடைசியில் அவளும் செத்துப்போவாள். நான் மந்திரி, எனக்கு நாலே வசனம். தளபதி காசிமாயன். இந்த வருடம் ராணியாக நடிக்கும் மதுரை நடிகை வர முடியாது என்று சொல்லிவிட, "நான் கட்டுறேன் ராணி வேசம்" என்று சூர்யகலா எழுந்தாள். எல்லாரும் காசிமாயனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒத்திகையில் நாடக வாத்தியார் ஈஸ்வரனிடம் கேட்டாள்: "ராணி செஞ்சது நியாயந்தானே அண்ணே? பெறகு ஏன் அவளையும் சாகடிக்கிறீக?"

"நியாயந்தாம்மா. ஆனா ஒரு உசுரை எடுத்தவ மறுபடி சிம்மாசனத்துல உக்காந்தா சனம் ஒத்துக்கிடாது."

"வெட்டுறதுக்கு முன்னாடி அவன் வாயால உண்மையச் சொல்ல வச்சிருந்தா, வெட்டுற சோலியே இருந்திருக்காதுல்ல?"

"வசனத்தப் படிம்மா" என்றார் வாத்தியார்.

மேடையில் ஒழுங்காகத்தான் வெட்டினாள். மரவாள் அவன் மேல் படக்கூட இல்லை. கூட்டம் விசிலடித்தது. எனக்கு ஏமாற்றம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓர் அடியாவது விழும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் மதியம் ஒரு முறை உண்டு. மேடையில் கொன்றவர் புதுத்துண்டோடு, செத்த வேஷம் போட்டவர் வீட்டுக்குப் போய்க் கை நனைத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. மந்திரி கூடப் போக வேண்டும், அதனால் நானும் போனேன். காசிமாயனின் தாய் மொக்கம்மாள் இலை போட்டுச் சோறும் கறிக்குழம்பும் பரிமாறினாள். சூர்யகலா துண்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். சோற்றில் கை வைக்கவில்லை.

"சாப்பிடு ஆத்தா, சாமி குத்தமாயிரும்" என்று மொக்கம்மாள் கெஞ்சினாள்.

"ஒம் மகன் உண்மையச் சொல்லட்டும்."

காசிமாயன் சுவரைப் பார்த்தபடி, "சின்ராசு குடிக்கல. ஸ்டீயரிங்கையும் தொடல. லோடு தாங்காம வளைவுல வண்டி சாஞ்சிருச்சு. பயத்துல அப்பிடிச் சொல்லிட்டேன்" என்றான். மொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இனிச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். சூர்யகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஜீப்பு ஸ்டாண்டுல எல்லாரும் இருக்காக. அங்க போயிச் சொல்லிட்டு வா. சோறு ஆறுனாப் பரவால்ல, உக்காந்திருக்கேன்."

மொக்கம்மாள் எழுந்து, மகனின் சட்டையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.