ஐந்தாவது மீன்

கழுவிய எவர்சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தால் ஒரு சத்தம் வரும். முதலில் விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் தொடும். பிறகு தட்டு தன்னைத்தானே சுற்றி, நடுங்கி, முனகி, அடங்கும். இப்போது நான் குடியிருக்கும் செபராங் ஜெயா வீட்டில் சிமெண்டுத் தரை கிடையாது. எல்லாம் வழுவழுப்பான டைல்ஸ். ஆனாலும் என் மகள் அவசரத்தில் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது, எப்போதாவது, அந்தச் சத்தம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. உடனே முதுகில் ஒரு ஈரம். இருட்டப்போகிற வானம், மீன் குழம்பு வாசனை, மூடிய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

செத்தவர்கள் சாப்பிட்டு முடித்தால் அந்தச் சத்தம்தான் வரும் என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன்.

அப்போது நாங்கள் ஜார்ஜ் டவுனில், துறைமுகத்தைப் பார்த்து ஓடுகிற ஒரு தெருவில், பழைய கடைவீட்டின் கீழ்ப்பாதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், என் தம்பி. மாடியில் ஒரு சீனக் குடும்பம். பின்பக்கக் கதவைத் திறந்தால் ஆள் நடமாட்டமில்லாத சந்து. அங்கே ஒரு குழாயடி, பாசி பிடித்த சுவர், அந்தச் சுவரில் முளைத்த அரசங்கன்று. அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் வரும். ஞாயிறு காலையில் அம்மா அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு பாசாருக்குக் கிளம்புவார். கூடை தூக்க நான்.

எங்கள் வீட்டு வாரத்துக்கு ஒரு ருசி வரிசை இருந்தது. ஞாயிறு மீன் குழம்பு. திங்கள் அதே குழம்பு, மீன் இல்லாமல், ஆனால் முந்தின நாளைவிட ருசியாக. செவ்வாய் முட்டை, நூல் வைத்து இரண்டாக அறுத்தது. புதன் டின் மீன் சம்பல். வியாழன் பருப்பும் நெத்திலியும். வெள்ளி சாம்பார், அது சாமிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். சனிக்கிழமை கஞ்சியும் துவையலும். அது யாருக்காக என்று யாரும் கேட்டதில்லை. கண்ணைக் கட்டிவிட்டு என்ன கிழமை என்று கேட்டால் மூக்கை வைத்தே சொல்லியிருப்பேன்.

மீன் என்றால் கெம்போங் மீன், தலைக்கு ஒன்று. ஆனால் நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு அம்மா ஐந்து வாங்குவார். ஐந்தாவது மீன் செத்துப்போன அத்தைக்கு.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை, நீலச் சட்டை, இடுப்பைத் தாண்டிய பின்னல். அவ்வளவு பெரிய பெண்ணுக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாது. சின்ன வயதில் ஒரு முள் தொண்டையில் மாட்டிப் படாத பாடு பட்டாளாம். அன்றிலிருந்து அப்பாதான் எடுத்துத் தருவார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அந்த விரல்கள் மீனிடம் மட்டும் அவ்வளவு பணிவாக நடந்துகொள்ளும். தட்டை வாங்கி ஒரு வாய் வைத்ததும் அத்தை முகத்தைச் சுளிப்பாள்.

"ஒரு முள்ள விட்டுட்டீங்கண்ணே."

அப்பா பதறித் தட்டைப் பிடுங்கி விளக்குக்கு நேரே தூக்கித் தேடுவார். முள் இருக்காது. அத்தை சிரிப்பாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே ஏமாற்று, இதே தேடல். "நாளைக்குக் கல்யாணம் ஆனா புருஷனா முள்ளு எடுத்துக் குடுப்பான்?" என்பார் அம்மா. "அண்ணனையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருவேன் அண்ணி" என்பாள்.

பிறகு ஒரு நாள் ஃபேக்டரி பஸ் வந்தது, அத்தை அதிலிருந்து இறங்கவில்லை. சில நாட்கள் வீட்டில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அதன் பிறகு அப்பா பின்பக்கக் குழாயில் தலையோடு குளித்தார். ஈர வேட்டியோடு வந்து, ஸ்டூடியோவில் எடுத்த அத்தையின் படத்தை, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். மாலை போட்டார். பொட்டு வைத்தார்.

"அவ செத்துட்டா. இனிமே இந்த வீட்ல அவ பேச்ச யாரும் எடுக்கக்கூடாது."

பிணம் இல்லை, பறை இல்லை, அழ வந்த பெண்கள் இல்லை. ஒரு சாவுக்கு இவையெல்லாம் வேண்டும் என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? படம் இருந்தது, மாலை இருந்தது. நம்பினேன்.

அடுத்த ஞாயிறே அம்மா ஐந்தாவது மீனை வாங்கிவிட்டார். அப்பா அடுப்படியில் எட்டிப் பார்த்து, "யாருக்கு இது?" என்றார்.

"செத்துட்டான்னு சொன்னது நீங்க. கல்யாணம் காட்சி பாக்காத பொண்ணு, ஆசையோட போயிருக்கா. வாராவாரம் படையல் போடலைன்னா வீட்டையே சுத்தி வருவா. புள்ளைங்க இருக்கிற வீடுங்க."

அப்பா படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படியை விட்டு நகர்ந்தார். தான் அடித்த ஆணியைத் தானே எப்படிப் பிடுங்குவது?

அதிலிருந்து ஞாயிறுதோறும் பள்ளிவாசலில் மாலைப் பாங்கு கேட்கிற நேரத்தில், அத்தையின் தட்டில் சோறும் குழம்பும் ஒரு முழு மீனும் வைத்து, அம்மா பின்வாசலில் கொண்டுபோய் வைப்பார். கதவைச் சாத்திச் சங்கிலி போடுவார். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. சீனர்களின் ஏழாம் மாசம் வந்தால் மாடி வீட்டுச் சீனப் பாட்டிகூட ஆரஞ்சும் சோறும் தெருவோரத்தில் வைத்து ஊதுபத்தி கொளுத்துவார். பசித்த ஆவிகள் எல்லா பாஷையிலும் இருந்தன.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பெர்ரி கப்பலின் ஊதல் தூரத்தில் தேயும். சந்தில் செருப்புச் சத்தம் மாதிரி ஏதோ. குழாய் திறக்கும் முனகல். தண்ணீர். பிறகு அந்தச் சத்தம்: தொட்டு, சுற்றி, நடுங்கி, அடங்கி.

கதவைத் திறந்தால் தட்டு கவிழ்ந்திருக்கும். பளபளவென்று, நீர் சொட்டச் சொட்ட.

"பாத்தியா, செத்தும் தட்டக் கழுவி வச்சிட்டுப் போறா. நீயும் இருக்கியே" என்பார் அம்மா என்னிடம்.

ஒரு ஞாயிறு, கவிழ்ந்த தட்டின் முதுகில் ஒரு சிவப்பு ஆப்பிள் இருந்தது. எங்கள் கூடைக்குள் ஆப்பிள் வந்ததே கிடையாது. அம்மா அதை எடுத்து முந்தானையில் துடைத்தார்.

"ஆவி குடுத்தத சாப்பிடலாமாம்மா?"

"கழுவிட்டுச் சாப்பிடு."

நான்காக அறுத்தார். அப்பா தன் துண்டைத் தொடவில்லை, தம்பி தின்றுவிட்டான். நான் பயந்து பயந்து ஒரு ஓரத்தைக் கடித்தேன். ஆனால் அது இனித்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது துறைமுகத்தில் ஓவர்டைம் நின்றுபோனது. பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளில் சரக்கு வருகிறதாம், பாரந்தூக்கிகள் அதைத் தூக்குகின்றனவாம், ஆட்களுக்கு வேலை இல்லையாம். அந்தச் சனிக்கிழமை அப்பா கொண்டுவந்த சம்பளம் மெலிந்திருந்தது. அம்மா அரிசியைக் குறைத்துப் பார்த்தார், எண்ணெயைக் குறைத்துப் பார்த்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"ஏங்க, படத்துக்கு மாலையா, படையலுக்கு மீனா? ரெண்டுக்கும் பத்தாது. ஒண்ணு சொல்லுங்க."

அப்பா வெகுநேரம் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாலைய வாங்கு."

"சரிங்க" என்றார் அம்மா. அம்மா இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லி நான் கேட்டதேயில்லை.

மறுநாள் மீன்கடைச் சீனர் எங்களைப் பார்த்ததுமே ஐந்து மீனை எடுத்துத் தராசில் போட்டார். "லீமா, கான்?" ஐந்துதானே என்று கேட்டார். அம்மா ஒன்றை எடுத்துத் திரும்ப ஐஸ்மேல் வைத்தார். "அம்பாட் சாஜா, தவ்கே. நாலு போதும்." திரும்ப வைத்த மீனின் கண் என்னையே பார்த்தது. பூக்கடையில் மாலை வாங்கினோம். வீடு வரைக்கும் என் கூடையில் மீனும் மல்லிகையும் ஒன்றின்மேல் ஒன்று மணத்துக்கொண்டே வந்தன. எது சாவின் வாசனை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இன்று அத்தைக்கு மீன் இல்லை. சாப்பாட்டில் ஏமாந்தவள் இன்று கதவோடு நிற்கமாட்டாள். உள்ளே வருவாள்.

சாயங்காலம் தூறல். படத்தில் புது மாலையோடு அத்தை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அத்தையின் தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினார். மீன் வைக்கவில்லை. எங்கள் நான்கு தட்டுகளிலும் நான்கு மீன்.

அப்பா சாப்பிட ஆரம்பிக்கவில்லை. தன் மீனை இழுத்து வைத்துக்கொண்டார். முதுகெலும்பை நெடுக உருவினார். பக்கத்து முட்களை ஒவ்வொன்றாய்த் தடவித் தடவிப் பிடுங்கினார். வெள்ளைச் சதையை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, இல்லை என்று உறுதியானதும், ஒரு ஓரமாகக் குவித்தார். பாங்கு தொடங்கி முடிந்தது. எல்லாவற்றையும் அள்ளி அத்தையின் தட்டில் வைத்து, அதை அம்மா பக்கம் தள்ளினார்.

"எனக்கு வயிறு சரியில்ல. அத அங்க வச்சிரு."

சொல்லிவிட்டு வெறும் குழம்பில் சோற்றைப் பிசைந்து, வயிறு சரியில்லாதவர் சாப்பிடாத அளவுக்குச் சாப்பிட்டார்.

அம்மா தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சங்கிலி போட மறந்துவிட்டார். கதவு காற்றில் மெல்ல விலகிக் கோடாய் வெளிச்சம் காட்டியது. செருப்புச் சத்தம் கேட்டது. முள் இல்லாத மீனை ஆவிகள் ஏற்றுக்கொள்ளுமா, கோபப்படுமா? தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டில் தூங்க முடியாது. எழுந்துபோய்க் கதவைத் தள்ளினேன்.

பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் அத்தை உட்கார்ந்திருந்தாள். படத்தில் இருந்த அதே முகம். ஆனால் பின்னல் இல்லை, முடி கழுத்தோடு வெட்டியிருந்தது. நான் முதலில் காலைத்தான் பார்த்தேன். இரண்டு கால், ஜப்பான் சிலிப்பர், தரையில் நன்றாகப் பதிந்திருந்தன. வயிறு மட்டும் பெரிதாக, மடியில் ஒரு பூசணியை வைத்திருப்பதுபோல. வாராவாரம் எங்கள் வீட்டு மீனைத் தின்று ஆவி பெருத்துவிட்டது என்று நினைத்தேன். சந்து முனையில் ஒரு சீன ஆள் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, குடை பிடித்தபடி, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா. பயப்படாத, வா."

"நீங்க செத்துட்டீங்கதானே அத்தே?"

"ஆமாம்மா. உங்கப்பா எதையும் அரைகுறையா செய்யமாட்டாரு." சிரித்தாள். ஒரு வாய் சோறு எடுத்து வைத்தவள், மெல்லுவதை நிறுத்தினாள். விரலால் மீனைக் கிளறினாள். "என்ன, முள்ளே இல்ல? உங்கம்மாவுக்கு இவ்ளோ பொறுமை ஏது? யாரு எடுத்தா?"

"அப்பா."

தூறல் தட்டில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு குனிந்து, ஒரு துணுக்கு விடாமல், மிக மெதுவாக, அந்த மீன் முழுவதையும் சாப்பிட்டாள். சாப்பிடும்போதே அழுதாள். செத்தவர்களுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது போல என்று நினைத்தேன். இடுப்பில் கையூன்றி எழுந்து, குழாயடியில் தட்டைக் கழுவி, கவிழ்த்தாள். இத்தனை நாளும் கதவுக்குப் பின்னால் என் ரத்தத்தை உறைய வைத்த அந்தச் சத்தம், பக்கத்தில் நின்று கேட்டால், வெறும் தட்டுதான்.

"அடுத்த வாரம் வருவீங்களா?"

"இல்லம்மா. தூரமா போறோம். இனி வரமுடியாது."

"சொர்க்கத்துக்கா?"

"ஜொகூருக்கு. அவருக்கு அங்க வேலை கெடச்சிருக்குலா."

ஆவிகள் ஏன் ஜொகூருக்குப் போகவேண்டும் என்று நான் பல நாள் யோசித்தேன். அத்தை ஒரு சீனரைக் கட்டிக்கொண்டு, படகுத்துறை தாண்டி பட்டர்வொர்த்தில் உயிரோடு குடும்பம் நடத்தினாள் என்பதும், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிறந்த வீடு போடவேண்டிய சோற்றை அம்மா படையல் என்று பேர் வைத்துப் போட்டார் என்பதும் தெரியவர எனக்கு வருஷங்கள் ஆயின. அதற்கடுத்த ஞாயிறு அம்மா நான்கு மீன்தான் வாங்கினார். மாலையும் வாங்கவில்லை. ஏன் என்று அப்பா கேட்கவில்லை. படத்தில் பழைய மாலை சருகாகி, நார் மட்டும் மிஞ்சியது.

ஆனால் அன்று, அத்தை சொல்லியனுப்பியதை உள்ளே போய் நான் சொன்னதும், அப்பா எழுந்து பின்வாசலுக்குப் போனார். கவிழ்ந்து கிடந்த தட்டை எடுத்து வந்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கழுவிய வெறும் தட்டு. திருப்பித் திருப்பி அதில் அவர் தேடிக்கொண்டே இருந்தார், தம்பி தூங்கிப்போன பிறகும். கழுவிய தட்டில் என்ன இருக்கும்? அவருக்குத்தான் பேய் பிடித்துவிட்டது என்று அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்கு முன் அத்தை திரும்பி, மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சந்தின் அந்த முனையிலிருந்து சத்தமாகச் சொன்னது:

"உங்கப்பாகிட்ட சொல்லு பாப்பா, ஒரு முள்ள விட்டுட்டாருன்னு!"