இரண்டு கோட்டுப் பொற்கொடி

ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே ஓடைக்கரைப்பட்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கே போய்ப் பொற்கொடி வீடு எது என்று கேட்டால், "எந்தக் கோட்டுப் பொற்கொடி?" என்று திருப்பிக் கேட்பார்கள். இருப்பது ஒரே பொற்கொடிதான். கேட்கிறவர்களுக்குக் குசும்பு.

அந்தக் குசும்புக்கு விதை போட்டது அரசாங்கம். ஊராட்சியில் கொசு ஒழிப்பு வேலைக்குச் சேர்ந்தவள் பொற்கொடி. வீடு வீடாகப் போய்த் தொட்டி, குடம், சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்து, புழு நெளிந்தால் கவிழ்த்துவிட வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுத்து ஒரு மஞ்சள் கோட்டு மாட்டிவிட்டார்கள். அப்புறம், புயல் வந்தால் சனங்களை எச்சரித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஊரில் துடியான பொம்பளை யார் என்று பார்த்தால் மறுபடியும் பொற்கொடி. அது வேறு துறை, வேறு பயிற்சி, ஆரஞ்சுக் கோட்டு. இரண்டு இடத்திலும் டீயும் சமோசாவும் தாராளமாகக் கொடுத்தார்கள். காய்ச்சலும் புயலும் ஒரே நாளில் வந்து நின்றால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். வந்துவிட்டது.

அது கார்த்திகை மாதம். கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பொற்கொடி காலையிலேயே மஞ்சள் கோட்டோடு இறங்கி, தெரு முழுக்கத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே வந்தாள். முனியாயி வீட்டு நீல டிரம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. முதுகைக் கொடுத்து முட்டித் தள்ளினாள். அடிபம்பில் அடித்து அடித்து நிரப்பிய தண்ணீர் வாசலில் ஆறாக ஓடியது. முனியாயி வேறு யாரும் இல்லை, பொற்கொடியின் புருஷன் இருளாண்டிக்குக் கூடப்பிறந்த அக்காள்.

"நல்லாயிருடியம்மா. நாத்தனா வீட்டுத் தண்ணியக் கொட்டத்தான் ஒன்ன வேலைக்கு வச்சிருக்காங்க போல" என்றாள் முனியாயி.

"புழு கெடக்கு மதினி. கடிச்சா அப்பறம் பெரியாசுபத்திரிதான்."

மத்தியானம் சேதி வந்தது. அங்கிட்டுப் போய்க்கொண்டிருந்த புயல் இங்கிட்டுத் திரும்பிவிட்டதாம். கரண்டை நிறுத்தப்போகிறார்கள், எல்லோரும் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் கீழத்தெரு மொத்தமும் புயல் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். பொற்கொடி மஞ்சள் கோட்டைக் கழற்றி ஆரஞ்சுக் கோட்டை மாட்டினாள். காலையில் கொட்டிவிட்டு வந்த அதே வீடுகளுக்குப் போய், தண்ணீரைப் பிடித்து வையுங்கள் என்று சொல்ல வேண்டும். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, பாவம்.

இதில் ஜஸ்டின் வேறு. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அறிவிப்புப் போடுகிறவன் அவன். பென் டிரைவில் காலை அறிவிப்பை அழிக்காமல் மத்தியான அறிவிப்பையும் ஏற்றிவிட்டான். "தேங்கிய தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள்" என்று ஆட்டோ தெருவுக்குள் நுழையும். "தண்ணீரை உடனே பிடித்து வையுங்கள்" என்று அந்தக் கோடியிலிருந்து திரும்பி வரும். பெரியவர் ஆண்டியப்பன் வாசலில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு, ஆட்டோ போகும்போது கொட்டுவதும் வரும்போது பிடிப்பதுமாக இருந்தார். கீழத்தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரித்ததெல்லாம் சரி, ஓர் ஆளாவது நகர வேண்டுமே. "முனியாயி கெளம்பட்டும், நாங்களும் வாரோம்" என்று ஒரே பேச்சாக உட்கார்ந்துவிட்டார்கள். முனியாயி வீட்டின் மேல் சாய்ந்தாற்போல ஒரு தென்னை நிற்கிறது. காற்று ஏற ஏற அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்த பொற்கொடி, மதினியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போன தடவ வந்தேன்ல" என்றாள் முனியாயி. "போ போன்னு ஆட்டுக்குட்டி மாதிரி பத்திக்கிட்டுப் போனீங்க. தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னேன். வாங்கன்னு ஒரு ஆளு கேட்டிச்சா? கூப்பிடாத எடத்துல நான் காலெடுத்து வைக்கமாட்டேன்."

வீம்புதான். ஆனால் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாவிட்டால் சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்துக்கே போகாத ஊர் அது. புயல் கட்டடத்துக்கு மட்டும் எப்படிப் போவார்கள்? பொற்கொடிக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது. ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிற மோகனப்ரியா மேடத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், நான் எந்தக் கோட்டப் போடுறது?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "எனக்கும் ரெண்டு உத்தரவு வந்திருக்கும்மா. ரெண்டுலயும் அவசரம்னு போட்டிருக்கு. நீங்க ரெண்டையும் போட்டுக்கங்க, நான் பாத்துக்கிறேன். வேற என்ன வேணும் ஒங்களுக்கு?"

"வெத்தில வேணும் மேடம். ஒரு கவுளி. கூடக் கொட்டப்பாக்கும். அப்பறம், நீங்க வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கேக்கணும்."

மோகனப்ரியா அரிமளத்துக்காரி, இந்தப் பக்கத்து வழக்கமெல்லாம் தெரிந்தவள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. மரம் அறுக்கிற ரம்பம், கயிறு, டார்ச் லைட், அதற்கெல்லாம் மேலே வாழை இலையில் சுற்றிய ஒரு கவுளி வெற்றிலை.

ஜஸ்டினை இரண்டு அறிவிப்பையும் நிறுத்திவிட்டுக் கல்யாண மேளம் போடச் சொன்னாள் பொற்கொடி. மஞ்சள் கோட்டுக்கு மேல் ஆரஞ்சுக் கோட்டு, கையில் தாம்பாளம், நெற்றியில் பெரிய குங்குமம். நேரே முனியாயி வாசலில் போய் நின்றாள்.

"மதினி, சாயங்காலம் புயல் கட்டடத்துல விசேசம். நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்."

"என்னடி விசேசம்?"

பொற்கொடி அதை யோசித்து வைக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "எனக்குத்தான் மதினி. ரெண்டு கோட்டு எடுத்துக் குடுத்திருக்காங்கள்ல."

முனியாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாம்பாளத்திலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "வெறுங்கையோடவா வருவேன்? சீர் எடுக்கணும்ல. எல்லாரும் ஆளுக்கொரு கொடம் தண்ணி எடுங்க. சீர்க்கொடத்த வாயத் தெறந்தாப்புல தூக்கக்கூடாது, நல்லா வேடு கட்டுங்க."

பொற்கொடிக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. துணியால் வாய் கட்டிய குடத்துக்குள் எந்தக் கொசு போய் முட்டையிடும்? கொட்டவும் வேண்டாம், தண்ணீருக்கும் பஞ்சமில்லை. இரண்டு பயிற்சிக்கும் சேர்த்து மதினி ஒரே வார்த்தையில் வழி சொல்லிவிட்டாள், அவளுக்கே தெரியாமல்.

அப்படி ஒரு சீர் வரிசையை அந்தக் கடற்கரை கண்டதில்லை. முன்னால் மேளம் கொட்டிக்கொண்டு ஜஸ்டின் ஆட்டோ, பின்னால் முனியாயி, அவளுக்குப் பின்னால் தலையில் சிவப்பும் பச்சையுமாக வேடு கட்டிய குடங்களோடு கீழத்தெரு மொத்தமும். காற்று சேலையைப் பிடித்து இழுக்க, மழை முகத்தில் அடிக்க, சிரித்துக்கொண்டே போனார்கள். ஆண்டியப்பன் ஆடிக்கொண்டே போனார். வாசலில் மோகனப்ரியா, குடை பின்பக்கம் மடங்கிப்போய், தொப்பலாக நனைந்தபடி கைகூப்பி நின்றாள். "வாங்க, வாங்க" என்று ஒருவர் விடாமல் கேட்டாள்.

விடிந்தபோது காற்று ஓய்ந்திருந்தது. பொற்கொடியும் முனியாயியும் முதல் ஆளாகத் தெருவுக்கு வந்தார்கள். தென்னை முனியாயி வீட்டின் மேல் படுத்துக் கிடந்தது. கூரை இல்லை. அவள் பாய் விரிக்கிற மூலையில் மரம் குறுக்காக இறங்கியிருந்தது. முனியாயி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் நிமிர்த்தி வைத்திருந்த நீல டிரம் மட்டும் அப்படியே நின்றது, மழைத் தண்ணீர் நிறைந்து. பொற்கொடியின் கை பழக்கத்தில் அதன் விளிம்புக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏண்டி நிறுத்திட்ட?" என்றாள் முனியாயி. "புயல்தான் போயிருக்கு, கொசு இருக்குல்ல."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து அவளும் முதுகைக் கொடுத்தாள். இரண்டு பேருமாக முட்டித் தள்ளினார்கள். தண்ணீர் ஓடி முடிகிற வரைக்கும் நின்றார்கள். பிறகு பொற்கொடி ஆரஞ்சுக் கோட்டின் பையில் கைவிட்டுத் துழாவி, கசங்கிப்போன ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டினாள்.

"நம்ம வீட்டுக்கு வாங்க மதினி."

முனியாயி அதை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"பாக்கு எங்கடி?" என்றாள்.