“விடுங்க” என்று சொல்லிப் பார்க்கச் சொன்னவர்

மோகனுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைகால் அசைக்கப் பழக்கிய ரஜனி பேசினாள். “அக்கா, நம்மட குணநாயகம் டொக்டர் மோசம் போயிட்டார். ராத்திரி உயிர் போயிட்டு.” ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரையோடு மோகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறு கன்னத்தையும் மழித்து முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

டொக்டரின் வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிரிக்கத் தெரியாத மனிதர் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

மோகன் என் கணவர். எங்கள் ஊர் கல்லடியில் மின்வேலை செய்தவர். ஒரு மாலை மோட்டார் சைக்கிளில் வரும்போது வீதியில் மாடு குறுக்கே பாய்ந்துவிட்டது. மண்டையில் சத்திரசிகிச்சை நடந்து சில கிழமைகளுக்குப் பிறகு கண் திறந்தார். கண் திறந்தால் ஆள் வந்துவிட்டார் என்றுதானே நினைப்போம்? கண் மட்டும்தான் வந்தது. அது எங்கள் எல்லோரையும் தாண்டிச் சுவரைப் பார்த்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் சொந்தம் முழுவதும் பஸ் ஏறி வந்துவிடும். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காதருகே குனிந்து, “என்னைத் தெரியுதா?” என்று கத்தினார்கள். பெரியப்பா கன்னத்தில் தட்டியும் பார்த்தார். அதைக் கண்ட டொக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பினார். “சோதனை வைக்காதீங்க. ஒராள் மட்டும் இருங்க. ‘நான் இன்னார்’ எண்டு சொல்லிப்போட்டு ஊர்ப் புதினம் கதைங்க.” பெரியப்பா அதற்குப் பிறகு வரவேயில்லை. எனக்கு அதில் பெரிய கவலையும் இல்லை.

ஒரு நாள் மோகன் என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மா, என் மாமி, அங்கேயே கோயிலுக்குப் பொங்கல் நேர்ந்துவிட்டார். டொக்டர் வந்து பார்த்தார். “பிடிக்கிறது பெரிசில்ல புள்ள. உள்ளங்கையில விரல் பட்டா, பிறந்த குழந்தையும் பிடிக்கும். ‘விடுங்க’ எண்டு சொல்லிப் பாருங்க. விளங்கினாத்தான் விடுவார்.” சொன்னேன். கெஞ்சியும் சொன்னேன். விடவில்லை. டொக்டர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து என் கையை எடுத்துத் தந்தார். அன்று அவரை நான் வெறுத்தேன்.

சிலருக்கு நித்திரைக் குளிசை ஒன்று கொஞ்ச நேரம் விழிப்பைத் தருவதுண்டு, மிக அபூர்வம், ஒரு தரம் கொடுத்துப் பார்ப்போமா என்று அவர் கேட்டபோது மாமி கொதித்துப் போனார். “என்னகா இது! நித்திரையாக் கிடக்கிற என்ட புள்ளைக்கு நித்திரைக் குளிசையா? இவருக்கென்ன விசரா?”

“முதல்ல கேள்விப்படக்குள்ள எனக்கும் அப்படித்தான் இருந்தது அம்மா,” என்றார் டொக்டர். கொடுத்தோம். மோகன் குறட்டை விட்டுத் தூங்கினார். டொக்டர் கட்டிலருகிலேயே நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, “சரிவரல்ல. நல்லா நித்திரை கொள்றார்,” என்றார். மாமிகூடச் சிரித்துவிட்டார்.

அதன் பிறகுதான் அமன்ரடீன் தொடங்கினார். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. “இது எழுப்பிற மருந்தில்ல. எழும்பப் பாக்கிறவருக்குக் கை குடுக்கிற மருந்து. ஒண்டும் நடக்காமலும் போகலாம். வலிப்பும் வரலாம். தொடங்கவா?” என்று என்னிடம் கேட்டார். பயந்து பயந்துதான் ஓம் என்றேன். மற்றவர்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பல நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மோகனின் கண் என் பின்னால் வரத் தொடங்கியது. ஒரு காலை அவர் என் கையைப் பிடித்திருந்தார். “விடுங்க, தேத்தண்ணி ஊத்தோணும்,” என்றேன், ஏதோ வீட்டில் சொல்வதுபோல. விரல்கள் மெல்ல விரிந்தன. மறுபடி கையைக் கொடுத்தேன், மறுபடி சொன்னேன். மறுபடியும் விட்டார். செருப்பில்லாமல் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தேன்.

அவரும் சோதித்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் மருந்துதான் என்றேன். “மருந்தோ, காலமோ, உங்கட கதையோ, எனக்குத் தெரியா புள்ள. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல ஒண்ணா. பழைய மோகன் முழுசா வரமாட்டார். வாற ஆளோட பழகிக்கொள்ளுங்க.”

வந்த ஆள் தானே சாப்பிடுகிறார், சின்னச் சின்ன வசனம் பேசுகிறார், சக்கர நாற்காலியில் முற்றத்துக்கு வருகிறார். புதிதாகக் கேட்ட எதுவும் மறுநாள் வரை மனதில் நிற்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் டொக்டர் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்து அவரோடு உட்கார்ந்திருந்ததில், அந்த முகம் மட்டும் பதிந்துவிட்டது. அதனால் காலையில் எழுந்ததும், “டொக்டர் எப்ப வருவார்?” என்பதுதான் மோகனின் முதல் பேச்சு.

செத்த வீடு முடிந்த மறுநாள், “இண்டைக்குப் பின்னேரம் வருவார் மனே,” என்று மாமி சமாளித்தார். மோகன் இருட்டும்வரை வாசல் படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு நான் உண்மையைச் சொல்கிறேன். தினமும் அவருக்கு அது புதுச் செய்தி. தினமும் அழுகிறார். நான் கல்நெஞ்சுக்காரி என்று மாமி ஏசுகிறார். இருக்கட்டும். எனக்கு ஒரு பொய்யும் சொல்லாத மனிதரைப் பற்றி என்னால் பொய் சொல்ல முடியாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.

டொக்டர், உங்களுக்காக எங்கள் வீட்டில் காலைதோறும் ஒருவர் அழுகிறார். அழுவதற்கு அவர் இங்கே இருக்கிறார்.