பையைத் திற

என் மேசைக்கு அருகே சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு துணிப்பை தொங்குகிறது. ஜிப்பைக்கூட இழுக்கவில்லை. வெளியே நீல எழுத்தில் ‘ஒவ்வொரு குரலும் கேட்கப்படும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். புறவழிச்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்கில் கொடுத்தது. அலுவலகங்களில் எல்லோரும் கணினி வழியாகக் கூடி வேலை பார்ப்பதன் மகிமையைப் பற்றிக் கம்பெனித் தலைவர்களும் அரசின் தொழில்நுட்ப அதிகாரிகளும் அங்கே பேசினார்கள். கூட்டம் சேர்க்க ஆபீசுக்கு ஓர் ஆள் கேட்டிருந்தார்கள். எங்கள் பாசன ஆபீசில் நாற்காலியை நிரப்புவதற்கு என்னை விடத் தகுதியானவர் கிடையாது; உடம்பு வாகு அப்படி. போனேன். வாசலில் அந்தப் பையைக் கையில் திணித்தபோதே வயிறு எரிந்தது. எங்கள் மேடத்தின் கதைக்குப் பிறகு, பை என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிகிறது.

மேடம் என்பது எங்கள் உதவி செயற்பொறியாளர். வள்ளியூர்க்காரர். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும், கால்வாய்க் கரையில் நடப்பதற்காகக் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு அவர் ஜீப்பிலிருந்து இறங்கினால் காண்டிராக்டர்கள் சிகரெட்டை அணைப்பார்கள். மேலதிகாரிகள் மீது கோபம் வந்தால் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியை வாயில் அதக்கிக்கொள்வார். “நாக்குக்கு ஒரு வேல குடுக்கணும்லா சார், இல்லன்னா அது வேற வேல பாத்துரும்” என்பார். கருப்பட்டி டப்பா எவ்வளவு காலியாகிறது என்பதை வைத்தே அன்றைக்குத் தலைமையகம் எப்படி நடந்துகொண்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அந்தத் தலைமையகம்தான் புதிய செயலியை எங்கள் தலையில் கட்டியது. கூட்டமெல்லாம் இனி அதில்தான். நாம் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்ளும். கூட்டம் முடியும் முன்பே நடவடிக்கைக் குறிப்பு தயாராகி, சம்பந்தப்பட்டவர் போனுக்குப் போய்விடும். குறிப்பில் உள்ளதுதான் உத்தரவு; தனியாகப் போன் போட்டு எதையும் சொல்லக்கூடாது. கூட்டம் முடியும் வரை கேமராவை அணைக்கக்கூடாது, எழுந்து போகவும் கூடாது. பள்ளிக்கூடத்தில்கூட ஒன்றுக்குப் போக விரலைக் காட்டினால் விடுவார்கள்.

கார் நெல் பருவத்துக்குத் தாமிரபரணியிலிருந்து கால்வாயில் தண்ணீர் விடுவது பற்றிய கூட்டம் அது. பத்தமடைப் பக்கம் கரை உடைந்து, அப்போதுதான் மண் கொட்டி அடைத்திருந்தார்கள். மண் இன்னும் இறுகவில்லை. ஒரேயடியாகத் தண்ணீர் வந்தால் தாங்காது. மேடத்துக்குப் பின்னால் கேமராவில் படாமல் சுவரோடு சுவராக நான் ஒட்டிக்கொண்டிருந்தேன், என் அளவுக்கு ஒட்ட முடிந்த மட்டும். மேடம் சொன்னார்: “சார், புதுக் கரை. தண்ணியப் பைய தொறக்கணும்.” தலைமையகத்தில் யாரோ “திரும்பச் சொல்லுங்க மேடம்” என்றார்கள். “தண்ணியப் பைய... பைய தொறக்கணும்” என்று அழுத்தி இன்னொரு முறை சொன்னார். திருநெல்வேலியில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், பைய என்றால் மெதுவாக. பழந்தமிழ்ச் செய்யுள் படித்தவர்களுக்கும் தெரியும். செயலிக்குத் தெரியாது. அது ‘தண்ணீர்ப் பையைத் திறக்கணும், பையைத் திறக்கணும்’ என்று எழுதியது. அதை மன்னிக்கலாம், இயந்திரம். தலைமையகத்தில் சரிபார்க்க உட்கார்ந்திருந்த மனிதர், பை என்ன பை என்று அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிட்டு, ‘தண்ணீரைத் திறக்கவும்’ என்று திருத்தி அனுப்பினார். மேடம் கேமரா முன்னால் அடுத்த பொருளுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கையில், மதகு ஷட்டரில் நின்ற ஒப்பந்தப் பணியாளர் போனில் வந்ததைப் பார்த்து முழுசாகத் திறந்துவிட்டார்.

கரை போனது. கரையோடு நாற்றங்கால்களும் போயின. மறுநாள் ஆபீஸ் வாசலில் பயிர் வைத்த சம்சாரிகள் நின்றார்கள். “வே, மேடத்த வெளிய வரச் சொல்லும்! எங்க நாத்த எந்தப் பொட்டியில அள்ளி வச்சிருக்காவன்னு கேக்கணும்!” என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கத்தினார். மேடம் வெளியே வந்தார். செயலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை ஏச்சையும் வெயிலில் நின்று வாங்கினார். அன்றைக்கு டப்பா காலி.

ஓய்வு பெற இருந்த சமயத்தில், கரையின் நிலைமையைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லத் தவறியதாக அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஓய்வும் நின்றது. “பைய என்றால் மெதுவாக என்று பொருள்” என ஒற்றை வரியில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். விசாரணை அதிகாரி, “நீங்க அந்த வார்த்தையச் சொன்னதுக்கும், மெஷின் தப்பா எழுதினதுக்கும் ஆதாரம்?” என்று கேட்டார். கேமராவில் படாத என் சாட்சி செல்லாதாம். கூட்டத்தின் ஒலிப்பதிவு தானாகவே அழிந்துவிட்டதாம். அதுவும் செயலியின் சிறப்பம்சங்களில் ஒன்று. “ஸ்லோன்னு சொல்லியிருந்தா பிரச்சினையே இல்ல மேடம்” என்று அறிவுரை வேறு. மேடம் கருப்பட்டி இல்லாமலே பதில் சொன்னார்: “எங்க ஊர்த் தண்ணிய எங்க ஊர்ப் பேச்சுலதான சார் தொறக்க முடியும்?” முப்பது வருஷத்துக்கு மேல் கால்வாய்க் கரையைத் தேய்த்த கால், இப்போது விசாரணைக்காக மாடிப்படி ஏறி இறங்குகிறது.

இந்த எரிச்சலோடுதான் நான் அந்த ஓட்டலில், குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்திருந்தேன். உயர் அதிகாரி ஒருவர், கடைக்கோடி ஊழியரின் குரலும் இன்று மேசைக்கு வந்துவிட்டது என்றார். கம்பெனித் தலைவர், தங்கள் செயலி தமிழை முழுசாகக் கரைத்துக் குடித்துவிட்டது என்றார். எங்கள் ஆபீசில் இருக்கும் அதே செயலிதான். அவர்கள் பேசுவதையெல்லாம் பின்னால் இருந்த பெரிய திரையில் அது எழுதிக்கொண்டே வந்தது, பிசகே இல்லை. அவர்கள் தமிழ் அதற்குப் பழக்கப்பட்ட தமிழ். கேள்வி நேரம் வந்தது. கல்யாண வீட்டில் தொலைந்த செருப்பைப் பற்றி அறிவித்ததைத் தவிர மைக் பிடித்து அறியாத நான், எழுந்து வாங்கினேன். நெல்லைத் தமிழில், ஒரே வாக்கியம்தான் சொன்னேன்.

“தண்ணியப் பைய தொறங்க.”

திரையில் விழுந்தது: ‘தண்ணீர்ப் பையைத் திறங்க.’ உள்ளூர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மேடையில் இருந்த உயர் அதிகாரி என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னார்: “தண்ணி பாட்டில் உங்க பைக்குள்ளயே இருக்கு சார். திறந்து பாருங்க.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். திரையைப் போனில் படம் எடுத்தேன். வெளியே வந்து மேடத்துக்கு அனுப்பினேன். மறுநாள் அவர் கையெழுத்தோடு அது விசாரணை அதிகாரிக்கும் போனது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. மேடம் எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். “நல்ல வேல பாத்தீரு சார். ஆனா, கரைய மட்டும் அவ்வளவு வேகமா ஒடச்சானுவ எடுபட்ட பயலுவ, விசாரணைய மட்டும் எவ்வளவு பைய நடத்துதானுவ பாத்தீரா?” என் போன் அந்தச் செய்தியை எழுத்தாகவும் மாற்றிக் காட்டலாம் என்றது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

பை ஆணியில் தொங்குகிறது. பியூன் மேசையைத் துடைக்கும்போதெல்லாம் “உள்ள என்னமோ கனக்கு, தொறந்து பாக்கவா சார்?” என்கிறார். மேடத்தின் விசாரணையில் தீர்ப்பு வரும்வரை யாரும் அதைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் உள்ளேயே இருக்கட்டும்.