ரேடியோவுக்கு வைத்த பொட்டு

நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை. அப்புறம் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளியே தலை நரைத்தது. ஆனாலும் எங்கள் லயத்து வீடுகளில் எனக்கு 'ரேடியோக்காரர்' என்று பெயர். தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தய்யா மாற்றலாகிப் போகும்போது தன் பேட்டரி ரேடியோவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான் காரணம்.

அதில் ஒரு கண்ணாடி, உள்ளே ஒரு முள், வரிசையாக இங்கிலீஷ் எழுத்து. தமிழ் ஓரிடத்தில் எடுக்கும், சிங்களம் ஓரிடத்தில், இங்கிலீஷ் ஓரிடத்தில். நடுவில் எந்த நாடென்று தெரியாத விசில் சத்தம். அந்த எழுத்துத் தெரியாத நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழ் எடுக்கும் இடத்துக்கு நேரே கண்ணாடிமேல் ஒரு குங்குமப் பொட்டு. முள்ளைப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்தால் போதும். ரேடியோவைச் செய்தவனுக்கே நான் பாடம் எடுக்கலாம் என்ற நினைப்பு எனக்கு.

போன வருஷம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாத்தா ஆன நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சம்பந்தி கந்தப்பன், இறந்துபோன தன் அம்மாவின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்: சண்முகவடிவு. முதல் பிறந்தநாளுக்கு ரேடியோவில் வாழ்த்துச் சொல்லும்படி, கணக்கப்பிள்ளையைப் பிடித்துக் கொழும்புக்குத் தபாலட்டை போட்டேன். வட்டவளையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போய் அவரிடம் பெருமையும் அடித்தேன்.

"ஒங்க அம்மா பேரு நாடு பூரா கேக்கப்போகுது சம்மந்தி. வந்துருங்க."

அதைக் கேட்கவென்றே அவர் என் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்தார்.

பிறந்தநாளன்று காலையில் சந்தோஷம் தாங்காமல் ரேடியோவை நானே ஈரத்துணியால் துடைத்தேன். பூச்சரம் சுற்றினேன். கண்ணாடிக்கு நட்டநடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். மணப்பெண் மாதிரி இருந்தது.

சாயங்காலம் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா நிறைய ஆள். "யாரும் இருமக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு, முள்ளைப் பொட்டுக்கு நேரே நிறுத்தினேன். ஒரு வெள்ளைக்காரர் கடகடவென்று இங்கிலீஷில் பேசினார்.

"என்னா சம்மந்தி, எங்கம்மாவுக்கு இங்கிலீசு தெரியாதே" என்றார் கந்தப்பன்.

என் வீட்டுக்காரி ராக்காயி கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, பழைய பொட்டு எங்க?"

"தொடச்சிட்டேன்."

"தொடச்சிட்டு, இங்கிலீசுக்காரன் தலையில கொண்டுபோயி வச்சீங்களா?"

திருகினேன். சிங்களத்தில் புத்த பிக்குகள் பண ஓதினார்கள். இன்னும் திருகினேன். விசில். திடீரென்று தமிழ் வந்தது:

"...என வாழ்த்துபவர், வட்டகொடை தாத்தா நல்லமுத்து."

உடனே பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

"பொறந்தநாளு பிள்ளைக்கா, ஒங்களுக்கா?" என்றார் கந்தப்பன். காம்பராவே குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா பேர ஒரு வாட்டி கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

ரேடியோவை அணைத்தேன். அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"நேயர்களே! இன்று பிறந்தநாள் கொண்டாடும் செல்வி சண்முகவடிவு, தன் கொள்ளுப்பாட்டி சண்முகவடிவு அம்மாளைப் போலவே நீடூழி வாழ்க!"

பேத்தி தவழ்ந்து வந்து பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். என் மீசையைப் பிடித்து ஒரே இழுப்பு. நான் "ஆ" என்று கத்தினேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சம்மந்தி" என்றார் கந்தப்பன். "இந்த ஸ்டேசன் பொட்டு இல்லாமலே நல்லா எடுக்குது."